கடலுக்குள்ள ரோடு போட்டிருக்காங்களா மாமா?

போன வாரம் லீவில் ஊருக்கு வந்தேன். சோழவந்தான் பக்கம் அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் திண்ணையில் கண்ணசந்து கிடந்தேன். அக்கா மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். என் போனை எடுத்துக் கூகுள் எர்த்தைத் திறந்துகொண்டு, முதலில் அவர்கள் வீட்டு ஓட்டுக்கூரை, அப்புறம் ரயில்வே கேட், அப்புறம் வைகை என்று விரலால் தள்ளிக்கொண்டே போனவன், ஆற்றோடு கிழக்கே இறங்கி மதுரை, மானாமதுரை, பரமக்குடி எல்லாம் தாண்டிக் கடலுக்குள்ளேயே போய்விட்டான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் என் தோளைத் தட்டி, "மாமா, கடலுக்குள்ள ரோடு போட்டிருக்காங்களா?" என்றான்.

எட்டிப் பார்த்தேன். இலங்கைக்குத் தெற்கே நடுக்கடலில் நின்றுகொண்டிருந்தான். சுற்றிலும் நீலம், ஈரத்துணியால் துடைத்துவிட்ட சிலேட்டு மாதிரி மழுங்கலாக. அதன் குறுக்கே பட்டையாக ஒரு நேர்கோடு. அந்தப் பட்டைக்குள் மட்டும் மேடு, பள்ளம், மலையின் மடிப்பு எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. பட்டைக்கு வெளியே ஒரு விரற்கடை தள்ளினால் மறுபடி மழுங்கல்.

"ரோடு இல்ல மாப்ள. அது கப்பல் போன தடம்."

"கப்பல் போனா தண்ணியில தடம் விழுமா?"

தண்ணியில் விழாது, படத்தில் விழும். அந்தப் பட்டைதான் அளந்த இடம். மற்றதெல்லாம் கணக்குப் போட்டு ஊகித்தது. அவனுக்கு இதைச் சொன்னதும், "அப்ப மிச்சமெல்லாம் பொய்யா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அன்று சாயங்காலம் வரை அதையேதான் பேசிக்கொண்டிருந்தோம். அதை எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு. (2009ல் கூகுள் முதன்முதலாகக் கடல் தரையைக் காட்டியபோது கேனரி தீவுகளுக்குப் பக்கத்தில் கட்டம் கட்டமாகக் கோடுகள் தெரிந்து, மூழ்கிப்போன அட்லாண்டிஸ் நகரத்தின் தெருக்கள் என்று உலகமே பேசியது. அதுவும் கப்பல் தடம்தான். ஆக, என் மருமகன் கேட்டதில் தப்பே இல்லை.)

என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கப்பலில் சர்வேயர். இதைச் சொன்னால் ஊரில் பாதிப் பேர் எல்லைக்கல் ஊன்ற வரச் சொல்கிறார்கள், பத்திரத்தை எடுத்துக் காட்டுகிறார்கள். நான் அளப்பது கடலின் தரையை. கப்பலின் அடிவயிற்றில் பொருத்திய சோனார் கருவியிலிருந்து ஒலியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து ஆழத்தைக் கணக்கிடுவது. கடல் நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும். 4000 மீட்டர் ஆழத்துக்குப் போய் வர ஐந்தே கால் வினாடி. ஒளி அவ்வளவு தூரம் உள்ளே இறங்காது, சாட்டிலைட்டின் ரேடாரும் மேல்பரப்போடு நின்றுவிடும். கடலுக்குள் கண் என்று சொன்னால் ஒலி மட்டும்தான்.

அப்படியானால் அந்த மழுங்கல் எங்கிருந்து வந்தது? அதுவும் பொய்யில்லை. கடலுக்கடியில் ஒரு பெரிய மலை இருந்தால், அதன் எடை சுற்றியுள்ள தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். அதனால் மலைக்கு நேர் மேலே கடல் மட்டம் ஓரிரு மீட்டர் லேசாக மேடேறி நிற்கும். கப்பலில் போகிறவனுக்கு அது தெரியவே தெரியாது, ஆனால் வானத்திலிருந்து சாட்டிலைட் ரேடாரால் அளக்க முடியும். அந்த மேட்டை வைத்துக் கீழே மலை இருக்கிறது என்று முடிவு செய்கிறார்கள். என் மருமகன் நின்றுகொண்டிருந்த அந்த இடம் இருக்கிறதே, இலங்கைக்குத் தெற்கே, அங்கே பூமியின் ஈர்ப்பு குறைவு. கணக்குப்படி இருக்க வேண்டிய மட்டத்தைவிடக் கடல் அங்கே சுமார் நூறு மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. உலகத்திலேயே பெரிய பள்ளம் அதுதான், அதுவும் நம் வாசலில். அந்த வழியாகப் போயிருக்கிறேன். கப்பல் சரிவில் இறங்குகிற மாதிரி எதுவுமே தோன்றாது. அன்று ராத்திரி வாட்சில், அதாவது ராத்திரி முறை வேலையில், உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது.

சரி, சாட்டிலைட் ஊகத்துக்கும் கப்பல் அளவுக்கும் எவ்வளவு வித்தியாசம்? மருமகனுக்கு மதுரையை வைத்துத்தான் சொன்னேன். மதுரை அப்படியே 4000 மீட்டர் தண்ணிக்கு அடியில் போய்விட்டது என்று வைத்துக்கொள். சாட்டிலைட்டை மட்டும் நம்பினால், சில கிலோமீட்டருக்குக் குறைந்த எதுவும் தனியாகத் தெரியாது. ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி எல்லாம் சேர்ந்து ஒரே புள்ளி. அப்புறம் எங்கள் கப்பல் மேலே போகிறது. ஒரு டிகிரி அகலமுள்ள ஒலிக்கற்றை அந்த ஆழத்தில் தரையைத் தொடும்போது 70 மீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். மீனாட்சி அம்மன் கோயில் மொத்தமும் ஏறக்குறைய பன்னிரண்டு புள்ளிகளில் வரும். ஏதோ சதுரமாக இருக்கிறது, ஓரங்கள் உயர்ந்திருக்கின்றன என்று சொல்லலாம். பொற்றாமரைக் குளம் தெரியாது. தெற்குக் கோபுரம் ஒரு புள்ளிக்குள் கரைந்துபோகும். யானைமலை மட்டும் படுத்திருப்பது படுத்திருக்கிற மாதிரியே வரும்.

"இவ்வளவுதானா?" என்று அவனுக்கு ஏமாற்றம். எனக்கு அது இவ்வளவுதானா என்று தோன்றியதே இல்லை. காரணம் இதற்கு முன்னால் எப்படி அளந்தார்கள் என்று எனக்குத் தெரியும். கயிறு, அதன் நுனியில் எடை. பாம்பன் பக்கம் மீனவர்கள் இன்றைக்கும் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை ஒரு பாகம். வெள்ளைக்காரனின் ஃபாதம் என்பதும் அதே விரித்த கைதான். 1872லிருந்து 1876 வரை சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கப்பல் உலகத்தைச் சுற்றியது. ஒவ்வொரு இடத்திலும் கப்பலை நிறுத்தி, கயிற்றை மணிக்கணக்காக இறக்கி ஏற்றி, மூன்றரை வருடத்தில் ஆழ்கடலில் அளந்த புள்ளிகள் ஐந்நூறுக்கும் குறைவு. இன்றைக்கு மல்டிபீம் என்கிற, பல கற்றைகளை ஒன்றாகக் கையாளும் ஆழ்கடல் சோனார் ஒரே ஒரு தடவை ஒலி எழுப்பினால் 432 கற்றைகள். சேலஞ்சர் ஆட்கள் மூன்றரை வருடம் கை தேயக் கயிறு இழுத்துச் சேர்த்தது, இப்போது பன்னிரண்டு வினாடிக்கு ஒருமுறை திரையில் வந்து விழுகிறது.

அது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஒலி அனுப்பும் பட்டை கப்பலின் நீளவாக்கில் இருக்கும், ஏழெட்டு மீட்டர் நீளம். கேட்கும் பட்டை குறுக்கே, கூட்டல் குறி மாதிரி. அனுப்பும் ஒலி முன்பின்னாக ஒடுங்கி, இடம் வலமாக விரிந்து, பிரித்த விசிறி போல இறங்கும். கேட்கும் பட்டை அதற்கு நேர் எதிர். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிரித்துப் பிரித்துக் கேட்கும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் ஒரு புள்ளி. இந்தச் சிலுவை அமைப்பைப் பெர்னார்ட் மில்ஸ் என்ற ஆஸ்திரேலிய வானியலாளர் நட்சத்திரங்களிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கக் கண்டுபிடித்தார். வானத்துக்குச் செய்த வேலை கடலுக்கு இறங்கி வந்தது. ஆழ்கடல் சோனாரின் ஒலி 12 கிலோஹெர்ட்ஸ், மனிதக் காதுக்குக் கேட்கும். கீழ்த்தளத்துக் கேபினில் படுத்தால் பன்னிரண்டு வினாடிக்கு ஒருமுறை கட்டிலுக்கு அடியில் சிட்டுக்குருவி கீச்சென்கிற மாதிரி இருக்கும். முதல் இரண்டு நாள் தூக்கம் வராது. அப்புறம் அது நின்றால்தான் திடுக்கிட்டு முழிப்பு வரும்.

கப்பல் ஆடும் அல்லவா, அதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். விசிறியின் ஓரக் கற்றை அறுபது டிகிரி சாய்வில் போகிறது. அங்கே கப்பலின் சாய்வை ஒரே ஒரு டிகிரி தப்பாகக் கணித்தாலும் 4000 மீட்டர் தண்ணியில் ஆழம் 120 மீட்டர் பிசகிவிடும். ஒரு குன்றே முளைத்துவிடும், அல்லது காணாமல் போகும். அதனால் கப்பலின் ஒவ்வொரு ஆட்டத்தையும் டிகிரியில் நூறில் சில பங்கு வரை அளக்கும் கருவி ஒன்று ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. வினாடிக்கு 1500 மீட்டர் என்று சொன்னேனே, அது நிலையான எண் கிடையாது. ஒலிதான் எங்கள் கயிறு. அந்தக் கயிற்றின் முழம் தண்ணிக்குத் தண்ணி மாறும். சூடான தண்ணியில் வேகம், குளிர்ந்த தண்ணியில் மெதுவு, உப்பு கூடினால் வேகம், ஆழத்தில் அழுத்தம் கூடக்கூட மறுபடி வேகம். வங்காள விரிகுடாவில் மேலே 28, 29 டிகிரி சூடு இருக்கும். ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஏழு டிகிரி பக்கம் வந்துவிடும். வேகம் மாறுகிற இடத்தில் ஒலி வளையவும் செய்யும், வாளித் தண்ணியில் விட்ட குச்சி ஒடிந்த மாதிரி தெரிகிறதே, அதே மாதிரி. அதனால் நாளுக்குச் சில தடவை ஒரு கருவியை இறக்கி, மேலிருந்து கீழ் வரை எந்த ஆழத்தில் எவ்வளவு வேகம் என்று எடுத்துக் கணினிக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு தடவை அதில் கோட்டை விட்டேன். வங்காள விரிகுடாவில், நள்ளிரவு வாட்ச். முந்தின நாள் சாயங்காலம் எடுத்த வேகக் கணக்கே போதும் என்று வைத்துக்கொண்டு ஓட்டினேன். நாங்கள் வடக்கே போகப்போக ஆற்றுத்தண்ணி கலந்து மேல்தண்ணியின் உப்பு குறைந்துகொண்டே வந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. அங்கே கீழே இருப்பது கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையிலிருந்து கோடிக்கணக்கான வருடங்களாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல். நிலநடுக்கோட்டையும் தாண்டிப் பரந்து கிடக்கிற வண்டல் சமவெளி. பாய் விரித்த மாதிரி தட்டையாக இருக்க வேண்டும். என் திரையில் பார்த்தால் நடுவில் உயர்ந்து, இரண்டு ஓரமும் கீழே தொங்கி, சட்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி வந்துகொண்டிருக்கிறது. முதலில் ஏதோ நீளமான மேடு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். கப்பல் லேசாகத் திசை திரும்பியதும் மேடும் கூடவே திரும்பியது. அப்போதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. தரையில் இருக்கிற மேடு கப்பல் பின்னாலேயே திரும்பாது. ஆறு மணி நேர ஓட்டம், மறுபடி முதலிலிருந்து. யாரும் திட்டவில்லை. என் மேலதிகாரி மயிரிழைச் செம்புக்கம்பி கட்டிய, ஒலியின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, "நீயே போடு" என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து தட்டையான தரையில் எந்தப் புது மேட்டைப் பார்த்தாலும் முதலில் அதைச் சந்தேகப்படுவேன்.

மருமகனுக்கு உழவை வைத்துச் சொன்னது நன்றாகப் பிடித்தது. கப்பல் கடலை உழுகிறது. ஒரு சால் போய், திரும்பி, பக்கத்திலேயே அடுத்த சால், முந்தின சாலைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டு. 4000 மீட்டர் ஆழத்தில் ஒரு சாலின் அகலம் ஏறக்குறைய 14 கிலோமீட்டர். திருப்பரங்குன்றத்திலிருந்து கிட்டத்தட்ட ஒத்தக்கடை வரை ஒரே சாலில் வந்துவிடும். அகல உழுவதைவிட ஆழ உழு என்று தாத்தா சொல்வார். கடலில் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, ஆழம் கூடினால் அகலம் தானே கூடும்.

இதைச் சொல்லும்போதுதான் எனக்கு மனசு கனக்கும். நம்ம கடல் ஆழமில்லாத கடல். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டரைக்கூடத் தொடாது. 10 மீட்டர் தண்ணியில் அதே விசிறி விரித்தால் சால் அகலம் 35 மீட்டர். ஆழ்கடலில் ஒரே சாலில் முடிகிற அகலத்துக்கு இங்கே நானூறு சால் ஓட்ட வேண்டும், அதுவும் பெரிய கப்பல் நுழையாது, சின்னப் படகில். மன்னார் வளைகுடாவில் முத்து எடுத்த பார்கள், அதாவது கடலடிப் பாறைத்திட்டுகள், ஒவ்வொன்றுக்கும் குளியாளிகள் பேர் வைத்திருந்தார்கள், தொலையாயிரம் பார் என்று ஒன்று இன்றும் பேச்சில் இருக்கிறது. மூச்சடக்கி இறங்கித் தரையைக் கையால் தொட்டுப் பார்த்து வைத்த பெயர்கள் அவை. பாண்டியன் முத்தும் மீன்கொடியும் பற்றிப் பேசிப் பெருமைப்படுகிற மதுரைக்காரர்கள் நாம், அந்தக் கடலின் தரை எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பார்த்திருக்கிறோமா? வைகை ஆற்றைத் தாண்டும்போதெல்லாம், இது போய்ச் சேருகிற இடத்தை யாராவது சால் சாலாக உழ வேண்டும் என்று தோன்றும். அந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டால் சம்பளம் பேசாமல் போவேன்.

"அளந்து என்ன மாமா பண்றது?" என்று கேட்டான். அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னேன். 2004 டிசம்பர் 26 காலையில் நாங்கள் எல்லாம் மதுரையில் டிவி முன்னால் வாயடைத்து உட்கார்ந்திருந்தோம். சுனாமி எவ்வளவு வேகமாக வரும் என்பதைத் தீர்மானிப்பது கடலின் ஆழம்தான். 4000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு எழுநூறு கிலோமீட்டருக்கு மேல், பத்து மீட்டர் ஆழத்தில் முப்பத்தாறு. பின்னால் வருகிற தண்ணி முன்னால் இருப்பதன் மேல் ஏறி ஏறித்தான் அலை உயர்கிறது. எந்த ஊரில் எவ்வளவு உயரும், எங்கே திரும்பும் என்று முன்கூட்டிக் கணக்குப் போட, கரைக்குப் பக்கத்துத் தரையின் படம் வேண்டும். அந்த நிலநடுக்கம் முடிந்த சில வாரங்களிலேயே ஸ்காட் என்ற பிரிட்டிஷ் சர்வே கப்பல் சுமத்ராவுக்குப் பக்கத்தில் போய்த் தரையை மல்டிபீமால் அளந்தது.

2014ல் மலேசிய விமானம் எம்எச்370 காணாமல் போனபோதும் அதுதான். விமானத்தைத் தேடுவதற்கு முன்னால், தேடும் கருவிகளை எங்கே இழுத்துக்கொண்டு போகலாம், எங்கே மலையில் மோதும் என்று தெரிய வேண்டியிருந்தது. கையில் இருந்தது அந்த மழுங்கல் படம் மட்டும். ஆகவே முதலில் கப்பலை விட்டுத் தரையை அளந்தார்கள். யாருமே பார்த்திராத எரிமலைகளும் பள்ளத்தாக்குகளும் கிடைத்தன. விமானம் கிடைக்கவில்லை.

2030க்குள் உலகக் கடல் தரை முழுவதையும் அளந்துவிட வேண்டும் என்று சீபெட் 2030 என்ற திட்டம் 2017ல் தொடங்கியது. அப்போது ஒழுங்காக அளந்திருந்தது 6 சதவீதம். 2025 நடுவில் 27.3 சதவீதம். இதில் பெரும்பகுதி புதிதாக ஓடிய கப்பலால் மட்டும் வந்ததில்லை, பீரோக்களில் பூட்டிக் கிடந்த பழைய அளவுகளை நாடுகளும் கம்பெனிகளும் எடுத்துக் கொடுத்ததும் சேர்த்துத்தான். கொடுக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அளந்ததைப் பூட்டி வைப்பது எனக்குக் கொஞ்சமும் புரியாத காரியம்.

மேரி தார்ப் பற்றியும் சொன்னேன். அந்தக் காலத்தில் பெண்களைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். மற்றவர்கள் கொண்டுவந்த ஆழ எண்களை நியூயார்க்கில் ஒரு மேசையில் பரப்பி, கையால் கோடு கோடாக வரைந்து, அட்லாண்டிக்கின் நடு மலைத்தொடரின் உச்சியில் நெடுக ஒரு பிளவு ஓடுவதை 1952 வாக்கில் அந்த அம்மாதான் கண்டுபிடித்தார். கூட வேலை பார்த்த புரூஸ் ஹீசன் முதலில் நம்பவே இல்லை. அந்தப் பிளவில்தான் கடல் தரை பிரிந்து கண்டங்கள் நகர்கின்றன.

கதை கேட்டது போதும் என்று அவனே எழுந்தான். "நாமளும் அளப்போம் மாமா."

அத்தானின் தோட்டத்தில் முப்பதடிக்கு முப்பதடி சதுரக் கிணறு. மழைக்குப் பிறகு தண்ணி நன்றாகவே கிடந்தது. நைலான் கயிற்றில் பழைய படிக்கல்லைக் கட்டி, முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டோம். பாதி முடிச்சை அவன் போட்டான், பாதியை நான். அளந்து பார்த்தால் அவன் முழமும் என் முழமும் அரையடி வித்தியாசம். எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு அவன் முழத்திலேயே திரும்பப் போட்டோம், யார் முழமாக இருந்தாலும் ஒரே முழமாக இருக்க வேண்டும் என்று அவனுக்கே புரிந்துவிட்டது. கிணற்றின் குறுக்கே இன்னொரு கயிற்றை நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் பிடித்து, அதில் வளையம் மாட்டி, வளையம் வழியாகக் கல்லை இறக்கினோம். தரையில் பட்டதும் கயிறு தொய்யும், அவன் முடிச்சை எண்ணிக் கத்துவான், அத்தான் வரப்பில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவார். ஒரு சால் முடிந்ததும் இரண்டு பேரும் மூன்றடி நகர்வோம். வடக்கு ஓரத்தில் மண் சரிந்து ஒரு மேடு, நடுவில் பாறை, தென்மேற்கு மூலையில் நாங்கள் சின்னப்பிள்ளையில் குதித்து விளையாடிய அந்த ஆழம், இன்னும் அப்படியே இருக்கிறது. மோட்டார் தொங்குகிற மூலையில் மட்டும் குழாயும் வயரும் குறுக்கே நின்று கல் இறங்கவில்லை.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நோட்டை வைத்துக்கொண்டு வரைந்தான். ஒரே ஆழமுள்ள புள்ளிகளை எல்லாம் சேர்த்துக் கோடு இழுத்து, மேட்டுக்குப் பச்சை, பள்ளத்துக்கு நீலம். மோட்டார் மூலை வெறும் வெள்ளையாக இருந்தது. பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து அதையும் நிரப்பிவிடலாமே என்று அக்கா சொன்னாள். அவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தில் சின்னதாக எழுதினான்: "இங்கே கல் இறங்கவில்லை."